குடியின் வேரைத் தேடும் உளவளத்துணை: வன்னிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வன்னி நிலத்தில், குடியாலும் போதைப்பொருளாலும் நிலைகுலைந்த குடும்பங்கள் உளவளத்துணையை நாடி வரும்போது கேட்கின்ற கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையாகவே இருக்கின்றன. அவற்றுள் அடிக்கடி எழுகின்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ தாயாகவோ சகோதரியாகவோ இருப்பதால், பல கேள்விகள் அவர்கள் கேட்டபடியே அமைந்துள்ளன. குடிப்பவரே இதை வாசிக்க நேர்ந்தால், அவரைப் பற்றி அவருக்குப் பின்னால் நின்று பேசுவதாக அவர் எண்ணக்கூடாது. இது அவருக்காகவும் எழுதப்பட்டது.

வேர்க்காரணத்தை நோக்கும் உளவளத்துணை என்பது என்ன? அறிவுரையிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

"குடியை விடு, குடும்பத்தைப் பார்" என்பது அறிவுரை. அதை மாமனார், கிராம அலுவலர், கோயில் ஐயர், பங்குத்தந்தை, பொலிஸ் என்று எல்லோரும் ஏற்கெனவே அவருக்குச் சொல்லி முடித்திருப்பார்கள். குடி உடம்புக்குக் கூடாது என்று தெரியாமல் குடிக்கிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உளவளத்துணை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. இந்தக் குடி இவருக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது என்று அது கேட்கிறது. இரவில் உறங்க வைக்கிறதா, உடம்பு வலியை மறக்கச் செய்கிறதா, நாலு பேருடன் இருந்து கதைக்கும் துணிவைத் தருகிறதா, அல்லது வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பும் வெட்கத்தை மூடி மறைக்கிறதா? எந்த வேலையும் செய்து கொடுக்காத ஒரு பொருளுக்கு எவரும் தம் கூலி முழுவதையும் நாள்தோறும் கொடுப்பதில்லை. அந்த வேலையை வேறு வழியில் செய்துகொள்ள அவர் பழகும்வரை, போத்தலைப் பறிப்பதால் மட்டும் நிலைத்த மாற்றம் வருவதில்லை.

தாங்க முடியாத உணர்ச்சிகளைத் தணிக்கவே பலர் போதையை நாடுகிறார்கள் என்ற கருத்தை அமெரிக்க உளமருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985 இல் விரிவாக எழுதினார். அது பயனுள்ள கருத்து, ஆனால் முழு விளக்கம் அன்று. முதலில் துன்பத்துக்காகக் குடித்த உடல், சில ஆண்டுகளில், குடிக்காவிட்டால் தானே துன்பத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும். அப்போது பழைய வேரோடு இன்னொரு வேரும் சேர்ந்துவிடுகிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் அந்த வேர்கள் எவை?

ஒவ்வொருவருக்கும் வேறுபடும். எனினும், வன்னியில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்ற சிலவற்றைச் சொல்ல முடியும்.

முதலாவது, செய்து முடிக்கப்படாத துக்கம். போரின் இறுதி மாதங்களான 2009 ஜனவரி முதல் மே வரை விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே போனவர்கள், இறந்தவர்களைப் பதுங்குகுழியிலோ வழியோரத்திலோ விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது. எட்டுச் செலவு, அந்தியேட்டி, திவசம் என்று நம்மவர்கள் செய்கின்ற காரியங்கள் வெறும் சடங்குகள் அல்ல. ஒரு துக்கத்தை ஊர் கூடிச் சுமந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கும் முறை அது. அந்த முறை கிடைக்காத துக்கம் மனிதருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் இது இன்னும் கடினம். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார்: போனவர் இருக்கிறார் என்று வாழவும் முடியாது, இல்லை என்று அழுது முடிக்கவும் முடியாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் தங்கள் கேள்வியை வீதியில் வைத்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள். அதே வீடுகளில் தந்தைமார் பலர் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனம் மாலையானதும் எங்கே போகிறது என்பதை அவர்களின் மனைவிமார் அறிவார்கள்.

இரண்டாவது, உறக்கம். சத்தங்களும் முகங்களும் இரவில் திரும்பி வருபவர்களுக்குச் சாராயம் ஒரு தூக்க மருந்து போலத் தோன்றுகிறது. உண்மையில் மதுசாரம் விரைவாகக் கண்ணயரச் செய்தாலும், உடலில் அதன் அளவு குறையத் தொடங்கும் பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது. முன்னிரவில் அமுக்கப்பட்ட கனவுகள் அப்போது இன்னும் கூர்மையாகத் திரும்புகின்றன. இரண்டு மணிக்கு வியர்த்து விழித்தவர், அந்தப் பயத்தைப் போக்க மீண்டும் குடிக்கிறார்.

மூன்றாவது, பலரும் கேட்க மறந்துவிடுகின்ற உடல்வலி. உடம்புக்குள் இன்னமும் செல் (எறிகணை) துண்டுகளோடு நெல் வெட்டுபவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் நம்மிடையே வாழ்கிறார்கள். காலை இழந்தவருக்கு, இல்லாத அந்தக் காலிலேயே வலி எடுப்பதுண்டு. அது பொய்யோ பாசாங்கோ அன்று, மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று. பகல் முழுவதும் அந்த வலியோடு கூலி வேலை செய்துவிட்டு மாலையில் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தில் அதை அமிழ்த்துகிறவரிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவரை வலிக்கான சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். குடிப்பவரின் முதல் சந்திப்பிலேயே "உடம்பில் எங்காவது நோகிறதா?" என்று கேட்காத உளவளத்துணையாளர் பாதி வேலையை விட்டுவிட்டார் என்றே சொல்வேன்.

கடனும் ஒரு வேர்தான். நுண்நிதிக் கடன் அறவிட ஆள் வருகின்ற நாளில் வீட்டை விட்டு விலகி நிற்கும் ஆண், அன்றுதான் அதிகம் குடிக்கிறார். அதோடு, முன்னர் ஓர் ஊரிலோ ஓர் இயக்கத்திலோ ஒரு தொழிலிலோ பொறுப்பும் மதிப்பும் பெற்றிருந்தவர், போரில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டபோது எவருக்கும் வேண்டாதவராகத் தம்மை உணர்ந்த வலியும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னியில் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வில், இங்கே நிகழ்ந்த காயம் தனித்தனி மனிதர்களோடு நிற்கவில்லை, குடும்பம், ஊர் என்ற கட்டுகளையே அறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். ஒருவர் அளவுக்கு மிஞ்சினால் தட்டிக் கேட்கப் பெரியப்பாவும் அயலும் இருந்த ஊர் வேறு. தெரியாதவர்களுக்கு நடுவே வீட்டுத்திட்ட வீட்டில் தனியே இருக்கும் நிலை வேறு.

போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகளும் ஐஸ், மாவா, மாத்திரை என்று போகிறார்களே. அதற்கும் போர்தான் காரணமா?

இல்லை. எல்லாவற்றையும் போரின் தலையில் போட்டுவிடுவது நமக்கு எளிது. ஆனால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அவர்களிடம் முள்ளிவாய்க்காலைத் தேடிக்கொண்டிருந்தால், அவர்கள் கண்முன்னே இருக்கின்ற காரணத்தைத் தவறவிடுவோம்.

பொருள் எளிதாகக் கைக்குக் கிடைப்பதே ஒரு காரணம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரத்தையோ சிகரெட்டையோ விற்க முடியாது. அந்தச் சட்டத்தை மதித்துக் கடைகள் நடந்தால் பல பிள்ளைகளுக்கு உளவளத்துணையே தேவைப்படாது. பரீட்சையில் தோற்ற பின் அடுத்தது என்ன என்று சொல்ல ஆளில்லாமை, வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கும் வெறுமையான ஆண்டுகள், இரவு வேலைக்கு விழித்திருக்க யாரோ ஒருவர் கொடுத்த முதல் துகள், குழுவில் சேர்வதற்கான கட்டணமாகிவிட்ட மாவா என்ற புகையிலைக் கலவை: இவை இன்றைய வேர்கள். ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமீன், மகிழ்ச்சியோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமீன் என்ற வேதிப்பொருளை மூளையில் இயல்புக்கு மிஞ்சிப் பெருக்கெடுக்கச் செய்கிறது. அது இறங்கியதும் வருகின்ற சோர்வும் வெறுமையும் அந்தப் பிள்ளை முன்னர் அனுபவித்த எந்தக் கவலையையும்விடக் கனமானவை. "என்ன கவலையில் இதைத் தொட்டாய்?" என்று கேட்டால், "ஒரு கவலையும் இல்லை, சும்மாதான்" என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இல்லாத காயத்தை அவனுக்குள் நாம் தோண்டத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு நூல் அறுபடாமல் இருக்கிறது. போரைக் காணாத பிள்ளை, போரைக் கண்ட தாய் தந்தையரால் வளர்க்கப்பட்டது. திடீர்ச் சத்தத்துக்குப் பதறும் அம்மா, எதற்கும் பதில் சொல்லாத அப்பா, அடியால் மட்டும் பேசும் அப்பா ஆகியோரிடமிருந்து அந்தப் பிள்ளை எதைக் கற்றது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். 1998 இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ரொபர்ட் ஆண்டாவும் அவர்களுடைய குழுவினரும் 9,508 வயதுவந்தவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அடி, அவமதிப்பு, வீட்டில் குடிப்பவர் இருத்தல், தாய் தாக்கப்படுவதைக் காணுதல் போன்ற சிறுவயதுத் துன்ப வகைகளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அனுபவித்தவர்களுக்கு, ஒன்றையும் அனுபவிக்காதவர்களைவிட, குடிக்கு அடிமையாதல், போதைப்பொருள் பாவனை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. எனவே பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சை சில வேளைகளில் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காரணம் தேடுவது அவர் செய்வதை நியாயப்படுத்துவதாகாதா? இவர் குடித்துவிட்டு என்னை அடிக்கிறார்.

ஆகாது, அப்படி ஆக்குவதற்கு இடம் கொடுக்கவும் கூடாது. ஒருவர் ஏன் குடிக்கிறார் என்பதற்கு விளக்கம் உண்டு. மனைவியை அடிப்பதற்கு அந்த விளக்கம் பதிலாகாது. அதே துயரத்தைச் சுமந்துகொண்டு, அதே முகாமில் வரிசையில் நின்று, அதே கடனையும் கட்டிக்கொண்டிருக்கின்ற நீங்கள் எவரையும் அடிக்கவில்லை. வெறியில் அடிக்கின்ற பலர் வீதியில் பொலிஸ்காரரை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம் என்ற தெரிவு வெறியிலும் இருக்கிறது. இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்வதும் உளவளத்துணையின் பகுதிதான்.

உங்கள் பாதுகாப்பு முதலில். அவருடைய வேர் பிறகு. அடி நடக்கின்ற வீட்டில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக இருத்திப் பேச வைப்பதை நான் தவிர்ப்பேன், ஏனெனில் அங்கே மனைவி சொன்ன ஒரு சொல்லுக்கு வீட்டில் அவர் அடி வாங்க நேரலாம். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடலாம். எந்த வீட்டுக்கு ஓடிப் போவது, அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் எங்கே இருக்கின்றன என்பதை வெறி இல்லாத பொழுதிலேயே தீர்மானித்து வையுங்கள்.

நாளை முதல் அடியோடு நிறுத்துகிறேன் என்று சத்தியம் செய்கிறார். நிறுத்தட்டுமா?

தயவுசெய்து இந்தப் பதிலை அவசரப்படாமல் வாசியுங்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர், வைத்திய உதவியின்றி ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரையான காலத்தில் சிலருக்குக் கடும் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, இல்லாதவற்றைக் காணுதல், ஆளையும் இடத்தையும் அறியாத குழப்பம் ஆகியவை தோன்றும். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி வேப்பிலை அடிக்கக் கொண்டுபோன குடும்பங்கள் உண்டு. அது மருத்துவ அவசரநிலை. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும்.

ஆகவே, முன்னர் குடியை நிறுத்தியபோது கைநடுக்கமோ வலிப்போ வந்தவர், காலை எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிதானப்படும் என்ற நிலையிலிருப்பவர் ஆகியோர் முதலில் மாவட்ட வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போகட்டும். அங்கே சில நாட்களுக்கு மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். அந்த விற்றமின் குறைபாடு கவனிக்கப்படாவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெடலாம். உடல் நிதானமடைந்த பின்னர்தான் உளவளத்துணைக்கு நேரம். நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை.

கசிப்புக் குடித்தவருக்குக் கண் மங்கலாகத் தெரிந்தாலோ, கடும் வயிற்று நோவும் மூச்சிரைப்பும் வந்தாலோ, அது மெதனோல் நஞ்சாக இருக்கலாம். கண் பார்வையும் உயிரும் போகக்கூடிய நஞ்சு அது. விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுத்தால் குடி மறக்குமாமே?

கொடுக்காதீர்கள். அப்படிப் பேசப்படுகின்ற மருந்து பெரும்பாலும் டைசல்ஃபிராம். மதுசாரம் உடலில் உடைந்து வெளியேறும் வழியை அது தடுப்பதால், குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். தெரிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது உதவக்கூடும். தெரியாமல் உண்டவர் வழமைபோல் குடித்தால் மாரடைப்பும் மரணமும்கூட நேரலாம். அவருக்கு ஒருநாள் உண்மை தெரியவந்தால், வீட்டுச் சோற்றின் மீதிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

உளவளத்துணை அறையில் என்னதான் நடக்கிறது?

கதைப்பதுதான் நடக்கிறது, ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் சில சந்திப்புகளில் குடியை விடச் சொல்லி எவரும் வற்புறுத்த மாட்டார்கள். குடியால் கிடைப்பது என்ன, போவது என்ன என்பதை அவரே தம் வாயால் சொல்வதற்கு இடம் கொடுக்கப்படும். 1983 இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் எழுதி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையின் சாரம் இது. வெளியிலிருந்து தள்ளத் தள்ள மனிதர் தம் குடிக்காக வாதாடத் தொடங்குவார். தாமாகச் சொன்ன காரணத்துக்காக மாறுவார். "மகளின் சாமத்தியச் சடங்கன்று சபையில் விழுந்து கிடந்தேன்" என்று ஒருவர் தாமே சொல்லும் கணத்துக்கு நூறு அறிவுரைகள் ஈடாகா.

அடுத்து, குடித்த ஒவ்வொரு பொழுதையும் அதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தோடு சேர்த்து எழுதிப் பார்ப்போம். எழுத விரும்பாதவர் நினைவிலிருந்து சொல்லலாம். மூன்று வாரங்களில் ஒரு கோலம் தெரியவரும். சனிக்கிழமை கூலி கையில் கிடைத்த நேரம், அண்ணன் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய பின், மே மாதம், குளக்கட்டு வழியாக வீடு திரும்பும்போது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோலம் இருக்கும். அந்தக் கோலத்துக்கு ஏற்பவே திட்டம் அமைகிறது. கூலி மனைவியின் கைக்குப் போகலாம், வீடு திரும்பும் வழி மாறலாம், மே மாதத்தில் வாரம் இருமுறை சந்திக்கலாம். இவை சிறிய ஏற்பாடுகளாகத் தோன்றினாலும், வேரைத் தொடுவதற்குத் தேவையான நிதானத்தை இவையே அவருக்குத் தருகின்றன.

அதன் பின்னரே, அவர் ஆயத்தமாக இருந்தால் மட்டும், பழைய காயத்துக்குப் போகிறோம். மூச்சை நிதானப்படுத்தவும், கனவிலிருந்து விழித்தவுடன் தாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்பதைக் கண், காது, கையால் உறுதிசெய்துகொள்ளவும் முன்கூட்டியே பழகியிருப்பார். ஒரு தந்தை, மகனின் பெயரை எங்கள் முன்னிலையில் உரத்துச் சொல்வதற்கு ஐந்து மாதங்கள் எடுத்தார். இறந்தவர்களுக்குச் செய்ய முடியாமற்போன காரியத்தைக் குடும்பத்தோடு சேர்ந்து செய்வது சிலருக்கு அறையில் பேசியதைவிடப் பெரிய ஆறுதலாக அமைந்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அப்படிச் செய்யும்படி எவரையும் நான் கேட்பதில்லை. அந்த முடிவு அந்தக் குடும்பத்துக்கே உரியது.

பழையதைக் கிளறினால் இன்னும் கூடக் குடிக்க மாட்டாரா?

கிளறுகிற முறையையும் நேரத்தையும் பொறுத்தது. முதல் நாளிலேயே "என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று தொடங்கினால், அன்று மாலையே அவர் தவறணையில் இருப்பார் என்பது உண்மை. மேற்சொன்ன ஒழுங்கின் நோக்கம் அதைத் தடுப்பதுதான். அதேவேளை, பழையதைப் பேசாமல் விடுவதும் பாதுகாப்பன்று. அது நாள்தோறும் வேறு வழியில் கிளறப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சந்திப்பு முடிந்த நாட்களில் அவர் வழமையைவிட அமைதியற்று இருந்தால், அதை உளவளத்துணையாளருக்குத் தெரிவியுங்கள். வேகத்தைக் குறைப்பது எங்கள் பொறுப்பு.

வரவே மாட்டேன் என்கிறார். நான் மட்டும் வந்து என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. வெறியில் இருக்கும்போது வாதாடாமல், மறுநாள் காலையில் சுருக்கமாகப் பேசுவது எப்படி, அவருடைய கடனை நீங்கள் அடைக்காமல் இருப்பது எப்படி, வேலைத்தளத்துக்கு அவருக்காகப் பொய் சொல்லாமல் இருப்பது எப்படி என்பவற்றை நீங்கள் பழகலாம். வீட்டில் ஒருவர் தம் நடையை மாற்றினால் மற்றவரும் பழைய இடத்திலேயே நிற்க முடிவதில்லை. இதற்கெல்லாம் முன்னால், உங்களுக்கும் ஓர் உறக்கமற்ற இரவும் ஒரு துக்கமும் இருக்கின்றன. அவற்றைப் பேச ஓர் இடம் உங்களுக்கும் வேண்டும்.

வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து நூல் கட்டினோம். மூன்று மாதம் குடிக்கவில்லை. பிறகு மீண்டும் தொடங்கிவிட்டார். நேர்த்தி பலிக்கவில்லையா?

மூன்று மாதம் அவர் குடிக்கவில்லை என்பதை முதலில் மதியுங்கள். அம்மன் முன்னிலையிலும் மடு மாதாவின் முன்னிலையிலும் வைத்த வாக்கு, வேறு எவருக்கும் கொடுத்த வாக்கைவிட நம்மவர்களைக் கட்டுகிறது. அந்தக் கட்டை உளவளத்துணையாளர் இளக்காரமாகப் பார்க்கக்கூடாது. நேர்த்தி அவருக்கு நிறுத்தும் வலுவைத் தந்தது. நிறுத்திய பின் வந்த கனவுக்கும் வலிக்கும் கடனுக்கும் என்ன செய்வது என்பதை எவரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நூல் கட்டிய நாளிலேயே உளவளத்துணையும் தொடங்கியிருந்தால், அந்த மூன்று மாதம் எங்களுக்கு மிகப் பெறுமதியான காலமாக இருந்திருக்கும். அடுத்த முறை இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் வீணா? ஒருமுறை அடிமையானவர் எப்போதும் அடிமைதானா?

இல்லை. வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். 1970களில் லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் நூற்றுக்கு 5 பேரளவிலேயே மீண்டும் அடிமையானது தெரியவந்தது. அந்த முடிவு பலருக்கு நம்பிக்கை தருகிறது. ஆயினும் அதை இங்கே எடுத்துச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டை மறக்க முடியாது. அவர்கள் போர் நடந்த இடத்தை விட்டு வீடு திரும்பினார்கள். நம்மவர்களுக்கோ போர் நடந்த இடமே வீடு. நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டே வலை இழுப்பவரிடம், நினைவூட்டும் இடங்களை விட்டு விலகி இருங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் இங்கே காலம் கூடுதலாக எடுக்கும், தடுமாற்றமும் வரும்.

ஒரு நாள் குடித்தவரை, "நீ மாற மாட்டாய்" என்று ஒதுக்கிவிட்டால், அந்த ஒரு நாள் ஒரு மாதமாகிவிடும். என்ன நடந்தது, அதற்கு முந்திய மணித்தியாலத்தில் யார் இருந்தார்கள் என்று அவரோடு இருந்து பார்ப்போம். அநேகமாக, கோலத்தில் நாம் காணாமல் விட்ட ஓர் இழை அங்கே அகப்படும். ஹெரோயின் பாவித்தவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: சில வாரங்கள் நிறுத்தியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வந்த முதல் நாட்களில் பழைய அளவை எடுப்பவர்கள் மூச்சடங்கி இறந்துபோகிறார்கள்.

நான் முன்னாள் போராளி. இங்கே சொல்வது வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்தப் படையணி, எந்த இடம், யாருடன் என்ற விபரங்கள் உளவளத்துணைக்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்பவரிடம் பதில் சொல்லாமல் எழுந்து வரலாம். உங்களுக்கு என்ன வலிக்கிறது என்பதே எங்களுக்கு வேண்டும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் இரகசியத்தை மீற வேண்டியிருக்கும். அதை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்களிடமும் கட்டணம் இல்லை. நேரில் போகத் தயங்குபவர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தோடு முதலில் பேசலாம். செலவு என்றால் பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும்தான். ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ வருபவருக்கு அது சிறிய தொகை அன்று என்பதை அறிவேன். கிழமைக்கு ஒருமுறையாகத் தொடங்கி, பின்னர் மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைத்து, ஓராண்டாவது தொடர்பில் இருப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாமல் விட்டால், பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும். தான் குறைந்த புள்ளி எடுத்ததால்தான் அப்பா குடித்தார் என்று இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்த ஒரு சிறுமியைச் சந்தித்திருக்கிறேன். எனவே வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு ஒரு வருத்தம். அது உன்னால் வந்ததில்லை. அதை மாற்றுவது உன் வேலையும் இல்லை. வெறியில் சத்தம் போட்டால் நீ தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மம்மா வீட்டுக்குப் போ." பாடசாலையில் நம்பிக்கையான ஓர் ஆசிரியருக்கு நிலைமை தெரிந்திருப்பது நல்லது, பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. இந்தப் பேச்சை வெறி இல்லாத ஒரு காலைப் பொழுதில், அப்பாவும் பக்கத்தில் இருந்து சொல்ல முடிந்தால் மிக நல்லது. அவர் இன்னும் அதற்கு ஆயத்தமில்லை என்றால், அடுப்படியில் அம்மா தனியே சொன்னாலும் பிள்ளைக்கு அது போதும்.